உறையில் இருக்கும் துப்பாக்கி: மெய்க்காவலரின் ஆயுதத் திறன் பற்றி ஓர் ஆய்வு

1981 மார்ச் 30, வாஷிங்டன். ஹில்டன் ஓட்டலில் உரையை முடித்துவிட்டு, பக்கவாட்டு வாசல் வழியாகக் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன். கயிற்றுக்கு அப்பால் கூட்டத்தோடு நின்ற ஜான் ஹின்க்லி .22 ரிவால்வரை எடுத்து ஆறு முறை சுட்டார். ஆறு குண்டும் வெளியேற ஆன நேரம் ஏறத்தாழ 1.7 நொடி. அதற்குள் சீக்ரெட் சர்வீஸ் காவலர் ஜெர்ரி பார், அதிபரின் தோளைப் பிடித்துக் காருக்குள் தள்ளிவிட்டார். டிம் மெக்கார்த்தி சத்தம் வந்த பக்கமே திரும்பி, கைகால்களை அகல விரித்து நின்று, வயிற்றில் குண்டை வாங்கிக்கொண்டார். இன்னொரு காவலர் கைப்பெட்டியிலிருந்து ஊஸி எந்திரத் துப்பாக்கியை உருவினார். மற்றவர்கள் சுட்டவர் மேல் விழுந்து அமுக்கினார்கள். துப்பாக்கி சுடுவதில் கடும் பயிற்சி பெற்ற அந்தக் காவலர்களில் ஒருவர்கூட ஒரு தோட்டாவையும் செலவழிக்கவில்லை.

அப்படியானால் மெய்க்காவலருக்குத் துப்பாக்கித் திறன் எதற்கு? எவ்வளவு வேண்டும்? அதை எதைக் கொண்டு அளப்பது? காவல் துறையின் தனிப் பாதுகாப்பு அதிகாரியான பி.எஸ்.ஓ. முதல் தொழிலதிபர் பின்னால் நடக்கும் தனியார் ‘கன்மேன்’ வரை, இடுப்பில் ஆயுதத்தோடு மக்கள் கூட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. நம் நாட்டில் இவற்றை நாம் போதிய அக்கறையோடு கேட்கவில்லை என்பதே என் எண்ணம். உலகில் நடந்த சில நிகழ்வுகளை அடுக்கிப் பார்த்தால் விடை தெளிவாகவே தெரிகிறது. மெய்க்காவலரின் ஆயுதத் திறன் பலகையில் குறி தப்பாமல் சுடுவதோடு முடிவதில்லை. எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடிக்குள் சரியாக முடிவெடுக்கும் பயிற்சி அதில் பெரும்பங்கு. மீதிப் பங்கு சிறியதுதான். ஆனால் அது பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

நொடிக் கணக்கு

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவன் எவ்வளவு தூரத்தில் இருந்தால் ஆபத்து என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. திடகாத்திரமான ஒருவர் 21 அடியை ஓடிக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிறது என்று அவர் சோதித்துக் கண்டார். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான் தேவைப்படுகிறது. இருபது அடிக்கு உள்ளே வந்துவிட்டவனிடம், உறையில் இருக்கும் துப்பாக்கி பிந்திவிடும். இந்தக் கணக்கைக் கல்லில் வெட்டிய சட்டமாகக் கொள்ளக்கூடாது என்று பின்னாளில் பலர் எச்சரித்தார்கள். ஆனாலும் தூரத்தையும் நேரத்தையும் சேர்த்து நினைக்கும் பழக்கத்தை அது உலகக் காவலர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

இதை மெய்க்காவலரின் இடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அவர் முன் இருப்பது 21 அடி அல்ல. கை குலுக்க நீளும் கைகளுக்கும் அவர் காக்கும் மனிதருக்கும் நடுவே இருப்பது மூன்றடி, நான்கடி. அங்கே தாக்குதல் தொடங்கியதும் துப்பாக்கியை நோக்கிக் கை போனால், அந்தக் கை காக்கப்படுபவரை விட்டு விலகிவிட்டது என்று பொருள். அதனால்தான் உலகெங்கும் தேர்ந்த பாதுகாப்புப் படைகள் ‘மறை, நகர்த்து’ என்ற வரிசையைக் கையாளுகின்றன. மிக அருகில் நிற்பவர் தம் உடலால் மறைத்து, காக்கப்படுபவரை ஆபத்தை விட்டு அப்பால் கொண்டுபோவார். ஆயுதத்தை எடுத்துத் தாக்குபவனை எதிர்கொள்வது சற்றுத் தள்ளி நிற்பவர்களின் வேலை. ஹில்டன் வாசலில் நடந்தது இந்தப் பங்கீடுதான். ஒருவர் தள்ளினார், ஒருவர் மறைத்தார், ஒருவர் ஆயுதத்தோடு தயாரானார். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. பலமுறை ஒத்திகை பார்த்த உடம்புகள் அவை.

அந்த ஒத்திகை கைகொடுக்காதபோது என்ன ஆகும் என்பதை 2022 ஜூலை 8 ஜப்பானுக்குக் காட்டியது. நாரா நகரில் தெருவோரம் நின்று தேர்தல் பரப்புரை செய்துகொண்டிருந்த முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயின் முதுகுப்புறம் திறந்த சாலையாக இருந்தது. கையால் செய்த துப்பாக்கியோடு ஒருவர் பின்னாலிருந்து நெருங்கிச் சுட்டார். முதல் முறை சுட்டது அபே மேல் படவில்லை. இரண்டாவது முறை சுட்டதுதான் உயிரைப் பறித்தது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை நொடி இருந்தது. ரீகனை நோக்கி ஆறு குண்டுகள் சுடப்பட்ட நேரத்தை விட அது அதிகம். காவலர்களிடம் துப்பாக்கி இருந்தது, குண்டு துளைக்காத கைப்பெட்டிகளும் இருந்தன. ஆனால் முதல் சத்தத்துக்கும் இரண்டாவது சத்தத்துக்கும் இடையில் அபேயை யாரும் கீழே தள்ளவில்லை, முழுதாக மறைக்கவும் இல்லை. சிறந்த துப்பாக்கி வீரர் பத்துப் பேர் அங்கே நின்றிருந்தாலும் அந்த இரண்டரை நொடியை நிரப்ப வேண்டியது சுடும் கை அல்ல, தள்ளும் கை. ஜப்பான் காவல் துறையின் தலைவரே பிறகு பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

குறி தவறும் உண்மை

சுடுதளத்தில் காதுக்கு மூடி போட்டு, அசையாத பலகையை நோக்கி, நிதானமாக மூச்சை அடக்கிச் சுடுபவர் பத்துக்கு ஒன்பது எடுப்பார். அதே மனிதர் தெருவில் என்ன எடுப்பார்? நியூயார்க் காவல் துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை தருகிறது. 1998 முதல் 2006 வரை நடந்த நிகழ்வுகளில், எதிராளி திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் சராசரியாக 18 விழுக்காடுதான் குறியை எட்டின. எதிராளி திருப்பிச் சுடாதபோதும் 30 விழுக்காடே. இவர்கள் முறையாகப் பயிற்சி பெற்ற, தேர்வு எழுதித் தகுதி பெற்ற காவலர்கள்.

மீதிக் குண்டுகள் எங்கே போயின? 2012 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் அதற்கு விடை கிடைத்தது. கொலை செய்துவிட்டு நடந்துபோன ஒருவரைக் காவலர் இருவர் நெருங்கினார்கள். அவர் துப்பாக்கியை நீட்ட, இருவரும் சேர்ந்து 16 முறை சுட்டார்கள். அந்த மனிதர் இறந்தார். ஆனால் வழியில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேர் காயம்பட்டார்கள். அத்தனை காயங்களும் காவலர்களின் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் ஏற்பட்டவை. மெய்க்காவலர் வேலை செய்யும் இடமோ பெரும்பாலும் இதைவிட நெருக்கமானது: கல்யாண மண்டபம், கோயில் வாசல், பொதுக்கூட்ட மேடை, விமான நிலையத்தின் வருகைப் பகுதி. அங்கே தவறிய குண்டு என்று ஒன்று கிடையாது. அது எவரோ ஒருவர் மேல் பாயும்.

ஏன் இப்படித் தவறுகிறது என்பது புதிய கேள்வி அல்ல. 1920-களிலும் 30-களிலும் ஷாங்காய் நகராட்சிக் காவல் துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்ன், சைக்ஸ் இருவரும் தம் ஊரில் நடந்த நூற்றுக்கணக்கான துப்பாக்கி மோதல்களைப் பார்த்துத் தெளிந்ததை 1942-இல் நூலாக எழுதினார்கள். மோதல்கள் மிக அருகில் நடக்கின்றன; மங்கிய வெளிச்சத்தில், எதிர்பாராத நேரத்தில் வெடிக்கின்றன; உடல் குனிந்து, பிடி இறுகி, கண் துப்பாக்கியின் குறிமுனையைத் தேடாமல் எதிராளியையே வெறிக்கிறது. எனவே உடல் அந்த நேரத்தில் எப்படி இருக்குமோ அப்படியே பயிற்சி தரவேண்டும் என்றார்கள். திடீரென்று உருவங்கள் தோன்றும் இருட்டறைகளை அமைத்து, காவலர்களை அதற்குள் அனுப்பினார்கள். இன்று பயிற்சிக்கூடங்களில் மரப்பலகை வீடுகள் கட்டி, சாயம் பூசும் தோட்டாக்களால் ஒருவரையொருவர் சுட்டுப் பழகுவதற்கு அந்த இருட்டறைகளே முன்னோடி.

இதற்கு மறுபக்கம் காட்டும் நிகழ்வும் உண்டு. 1950 நவம்பர் 1 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் தங்கியிருந்த பிளேர் மாளிகையை இருவர் தாக்கினார்கள். வாசல் காவலர் லெஸ்லி காஃபெல்ட் உடலில் பல குண்டுகள் பாய்ந்தன. சாகும் தறுவாயில் அவர் எழுந்து நின்று, ஒரே ஒரு குண்டால் தாக்கியவர்களில் ஒருவரை வீழ்த்தினார். அன்றே அவர் இறந்தார். அந்த ஒரு குண்டு தவறியிருந்தால் அன்றைய முடிவு என்னவாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெய்க்காவலருக்குச் சுடும் திறன் தேவையில்லை என்று வாதிடுபவர்களுக்கு நான் காஃபெல்டைத்தான் காட்டுவேன். அவர் வாழ்நாளில் அந்தத் திறன் ஒரே ஒரு கணம் தேவைப்பட்டது. அந்தக் கணத்தில் அது அவரிடம் இருந்தது.

கருவி கைவிடும் நேரம்

1974 மார்ச் 20 இரவு, லண்டன் மால் சாலை. பிரிட்டிஷ் இளவரசி ஆனின் காரை வழிமறித்தார் இயன் பால் என்பவர். இளவரசியைக் கடத்திப் பணம் கேட்பது அவர் திட்டம். காரில் இருந்த ஒரே மெய்க்காவலர் இன்ஸ்பெக்டர் ஜேம்ஸ் பீட்டன். இறங்கியதுமே அவர் தோளில் குண்டு பாய்ந்தது. அந்தக் காயத்தோடு அவர் திருப்பிச் சுட்ட குண்டு தவறியது. அடுத்துச் சுட முயன்றபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அது வால்டர் பிபிகே; ஜேம்ஸ் பாண்ட் படங்களால் உலகமே அறிந்த அழகான சிறிய பிஸ்டல். கையில் வேலைக்காகாத இரும்போடு நின்ற பீட்டன் பின்வாங்கவில்லை. இளவரசிக்கும் துப்பாக்கிக்கும் நடுவே தம்மையே வைத்தார். மொத்தம் மூன்று குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. கார் ஓட்டுநர், உதவிக்கு வந்த காவலர், ஒரு பத்திரிகையாளர் ஆகியோரும் சுடப்பட்டார்கள். வழிப்போக்கராக வந்த முன்னாள் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் விட்ட குத்தும் இளவரசியைக் காப்பாற்ற உதவியது. பீட்டன் உயிர் பிழைத்து, பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸைப் பெற்றார். அந்த வகைத் துப்பாக்கி காவலர்களிடமிருந்து விலக்கப்பட்டது. அரச குடும்பத்தினருக்கு ஒற்றைக் காவலர் போதும் என்ற நிலையும் மாறியது.

பீட்டனின் வீரத்தைப் போற்றும்போதே நாம் கற்கவேண்டியது, வீரம் கருவியின் குறையை ஈடுசெய்யக் கூடாது என்பது. பிஸ்டல் சிக்கினால் மேகசினைத் தட்டி, மேல்பாகத்தை இழுத்துவிட்டு, மறுபடி சுடும் பழக்கம் ஒற்றைக் கையாலும் வரவேண்டும். ஏனென்றால் மற்றக் கை காக்கப்படுபவரைப் பிடித்திருக்கும், அல்லது காயம்பட்டிருக்கும். சுடுவதைப் போலவே துடைப்பதும் எண்ணெயிடுவதும் தோட்டாக்களை உரிய காலத்தில் மாற்றுவதும் திறனின் பகுதிகள். ஒரு வங்கி வாசலில் நிற்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கவனித்துப் பாருங்கள். கடைசியாக அது சுடப்பட்டது எப்போது, அதில் உள்ள தோட்டாக்களின் வயது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்பதே முதல் சோதனை.

விரலின் ஒழுக்கம்

தாக்குதல் நடக்காத நாட்கள்தான் மெய்க்காவலரின் வாழ்நாளில் ஏறக்குறைய எல்லாமே. அந்த நாட்களிலும் ஆயுதம் அவரோடு இருக்கிறது. ஆபத்தின் இன்னொரு முகம் அங்கே ஒளிந்திருக்கிறது.

2017 பிப்ரவரி 28 அன்று பிரான்சின் வில்லோன்யோன் என்ற சிற்றூரில் அதிபர் பிரான்சுவா ஒலாந்து ரயில் பாதைத் திறப்பு விழாவில் பேசிக்கொண்டிருந்தார். கூரை மேல் காவலுக்கு இருந்த குறிசுடும் வீரரின் துப்பாக்கி, அவர் இடம் மாறும்போது தவறுதலாக வெடித்தது. பந்தலில் இருந்த பணியாளர் ஒருவரும் ரயில்வே பராமரிப்பு ஊழியர் ஒருவரும் காயமடைந்தார்கள். 2020 பிப்ரவரியில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ஒருவரின் மெய்க்காவலர், நியூயார்க்கிலிருந்து லண்டன் புறப்படவிருந்த விமானத்தின் கழிவறையில் தோட்டா நிரப்பிய பிஸ்டலை மறந்துவைத்தார். வேறொரு பயணி அதைக் கண்டெடுத்தார். இரண்டு பேரும் பயிற்சியில்லாதவர்கள் அல்லர். பயிற்சி பெற்றவர்களுக்கே இது நேர்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகள் இன்று உலகின் பல சுடுதளங்களில் சுவரில் எழுதப்பட்டிருக்கும் அளவுக்குப் பொதுவாகிவிட்டன. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் மீதும் அதன் வாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. உன் குறி எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள். கேட்க எளிது. கூட்டத்தில் முண்டியடிக்கும்போது, கார்க் கதவைத் திறக்கும்போது, வேர்த்துக்கொட்டும் வெயிலில் பத்து மணி நேரம் நின்றபிறகு கடைப்பிடிப்பதுதான் கடினம். அதற்குப் பெயர்தான் திறன்.

நான்காவது விதி தமிழ்நாட்டுக்கு நன்றாகப் பழகிய வலி. 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, ஒரு குண்டு வெகுதூரம் பறந்து போய் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்கள் சிகிச்சைக்குப் பின் 2022 ஜனவரி தொடக்கத்தில் அவன் இறந்தான். அவன் குறியாக இருக்கவில்லை. குறிக்குப் பின்னால் இருந்தான். மெய்க்காவலர் பயிற்சி என்று நாம் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் அந்தப் பிள்ளை நிற்பதாகவே நான் நினைத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்

சுடும் திறன் மட்டுமே அளவுகோல் என்றால் 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியைக் கொன்ற இருவரும் தேர்ச்சி பெற்றவர்களாகவே இருப்பார்கள். பியந்த் சிங் ரிவால்வராலும் சத்வந்த் சிங் கார்பைனாலும் சுட்டார்கள். இருவரும் அவருக்குக் காவல் நின்றவர்கள். 2011 ஜனவரி 4 அன்று இஸ்லாமாபாதில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தசீரைச் சுட்டவரும் அவருடைய காவலர்களில் ஒருவரே. அவர் இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு முடிக்கும் வரை உடன் இருந்த காவலர்கள் யாரும் அவரைச் சுடவில்லை. ஆயுதம் தரும் முன் மனிதரை அறிவதும், பணியில் இருக்கும்போது அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தொடர்ந்து கவனிப்பதும் ஆயுதத் திறனுக்கு வெளியே இருக்கும் விஷயங்கள் என்று பிரித்துவிட முடியாது. இந்திரா படுகொலைக்குப் பின் இந்தியா 1985-இல் சிறப்புப் பாதுகாப்புப் படையான எஸ்.பி.ஜி.யை உருவாக்கியது, 1988-இல் அதற்கு எனத் தனிச் சட்டம் வந்தது.

தனியார் மெய்க்காவல் தொழிலின் கறுப்பு நாள் 2007 செப்டம்பர் 16. பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில், அமெரிக்கத் தூதரக அதிகாரிகளின் பாதுகாப்புக்கு அமர்த்தப்பட்ட பிளாக்வாட்டர் நிறுவனக் காவலர்கள் நெரிசலான சாலையில் சுட்டதில் 17 ஈராக்கியப் பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள், துப்பாக்கி புதியதல்ல. குறைந்தது கை அல்ல, அளவு பார்க்கும் மனம். 2014-இல் நால்வர் தண்டிக்கப்பட்டார்கள். 2020 டிசம்பரில் அதிபர் மன்னிப்பில் விடுதலையானார்கள். இந்த நிகழ்வு எழுப்பிய கொந்தளிப்பின் ஊடேதான் 2008-இல் தனியார் ராணுவ, பாதுகாப்பு நிறுவனங்கள் பற்றிய மோன்ட்ரூ ஆவணமும், 2010-இல் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான பன்னாட்டு நடத்தை விதித்தொகுப்பும் உருவாயின. அந்தத் தொகுப்பு தெளிவாக ஒன்றைக் கேட்கிறது. தாம் ஏந்தும் அதே வகை ஆயுதத்தில் பயிற்சி முடிக்காத எவரும் அதை ஏந்தி வேலை செய்யக் கூடாது. அந்தப் பயிற்சி சரிபார்க்கத்தக்கதாகவும், குறித்த கால இடைவெளியில் திரும்பத் திரும்ப நடப்பதாகவும் இருக்கவேண்டும்.

துப்பாக்கி எட்டாத இடமும் உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியை நெருங்கிய பெண்ணை ஒரு பெண் காவலர் தடுக்கப் பார்த்தார். பிறகு நடந்ததை நாடறியும். இடுப்பில் கட்டிவந்து ராஜீவைக் கொன்ற வெடிகுண்டை எந்தப் பிஸ்டலும் தடுத்திருக்காது. தடுத்திருக்கக் கூடியது அந்தப் பெண் காவலரின் கைதான். அந்தக் கைக்குப் பின்னால் முழு ஏற்பாடும் உறுதியாக நின்றிருந்தால். யாரை எவ்வளவு அருகில் விடுவது என்ற முடிவு, துப்பாக்கி எடுக்கும் முடிவுக்கு வெகு முன்னரே எடுக்கப்படுகிறது.

சட்டம் என்ன கேட்கிறது

பிரிட்டனில் தனியார் மெய்க்காவலர் உரிமம் பெற்றே தொழில் செய்ய வேண்டும். ஆனால் அவர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. 1996-இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின் 1997-இல் வந்த சட்டங்கள் கைத்துப்பாக்கியைத் தனியார் கைகளிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் அகற்றிவிட்டன. அங்கே தனியார் மெய்க்காவல் என்பது முன்னாய்வு, பாதை தேர்வு, வாகனம் ஓட்டுதல், முதலுதவி, பேசித் தணித்தல் ஆகியவற்றால் ஆன தொழில். துப்பாக்கி இல்லாமலும் ஒரு தொழில் கண்ணியமாக நடக்க முடியும் என்பதற்கு அது சான்று.

துப்பாக்கியே இல்லாத தனியார் காவலுக்கும் கட்டுப்பாடில்லாமல் துப்பாக்கி ஏந்தும் தனியார் காவலுக்கும் நடுவே நிற்கிறது இந்தியா. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் கீழ் மத்திய அரசு 2006-இல் வகுத்த மாதிரி விதிகள், காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. முன்னாள் படைவீரருக்கும் காவலருக்கும் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதும் என்றன. பாடப் பட்டியலில் துப்பாக்கி கையாள்வதும் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த சொல், ‘விருப்பப் பாடம்’. ஆயுதம் ஏந்தாத காவலருக்கு அது சரி. ஆயுதம் ஏந்துபவருக்குத் தனியாக, கட்டாயமாக, கால இடைவெளி குறித்து ஒரு தேர்வு அங்கே வகுக்கப்படவில்லை.

மறுபுறம் ஆயுதங்கள் சட்டம் 1959, ஆயுதங்கள் விதிகள் 2016 ஆகியவை உரிமம் பெறுபவரின் பாதுகாப்புப் பயிற்சி பற்றிப் பேசுகின்றன. 9 மில்லிமீட்டர் போன்ற ரகங்கள் தனியாருக்குத் தடை செய்யப்பட்டவை என்பதால் தனியார் கன்மேன் கையில் இருப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், இல்லையென்றால் 12 போர் குழல் துப்பாக்கி. பல இடங்களில் அது அவருடைய சொந்த உரிமம். ஆயுதத்தோடு வருவதால்தான் வேலையே கிடைத்திருக்கும். ஆண்டுக்கு வாங்கத்தக்க தோட்டாவுக்கு உரிமத்திலேயே வரம்பு உண்டு. விலையும் அதிகம், சுடுதளங்களும் அரிது. ராணுவத்தில் 15 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர், ரைஃபிளில் பயின்றவர், பிஸ்டலோடு ஒரு தொழிலதிபர் பின்னால் நடக்கிறார். அவருடைய ஒழுக்கமும் துணிவும் உண்மை. ஆனால் நெரிசலில் ஒரு கையால் சிறுதுப்பாக்கியை எடுக்கும் பயிற்சி அவருக்கு யார் கொடுத்தார்கள்?

சுட நேர்ந்தால் சட்டத்தின் கண் அவர் மீதே திரும்பும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தம் உடலை மட்டுமல்லாமல் பிறர் உடலையும் காக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் எல்லை. உயிருக்கு ஆபத்து வந்து, அப்பாவி ஒருவருக்கும் தீங்கு நேரலாம் என்ற நிலையில்தான் தற்காத்துக்கொள்ள முடியும் என்றால் அந்த அபாயத்தை ஏற்கவும் 44-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரிவு நீதிமன்றத்தில் காப்பாற்றலாம். வழிப்போக்கரின் உயிரைத் திருப்பித் தராது. 2019-இல் வந்த ஆயுதங்கள் திருத்தச் சட்டம், கொண்டாட்டத்துக்காகவோ அலட்சியமாகவோ சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறைக்கு வழி செய்திருக்கிறது.

எதைத் திறன் என்று ஏற்பது

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, ஆயுதம் ஏந்தும் மெய்க்காவலருக்கு ஒரு குறைந்தபட்ச அளவுகோல் வரைய முடியும் என்றே நம்புகிறேன். முதலில் பாதுகாப்பாகக் கையாளுதல். நிரப்புவது, காலி செய்வது, உறையில் இடுவது, கழிவறைக்குப் போகும்போது என்ன செய்வது என்பது வரை. இதில் ஒரு தவறுகூட மன்னிக்கத் தக்கதல்ல. அடுத்து, மூன்று முதல் பத்து மீட்டர் தூரத்தில், நின்றும் நகர்ந்தும், ஒரு கையாலும், மங்கிய ஒளியிலும் சுடுதல். சிக்கலைச் சரிசெய்தல் இதனுள் அடங்கும். பலகைத் தேர்வில் வாங்கும் மதிப்பெண் இதன் ஒரு பகுதி மட்டுமே.

மூன்றாவது, முடிவெடுத்தல். கையில் கைபேசியோடு ஓடிவரும் ரசிகரும் கத்தியோடு ஓடிவருபவரும் முதல் அரை நொடியில் ஒன்றுபோலவே இருப்பார்கள். சுடக் கூடாத காட்சிகள் நிறைந்த ஒத்திகைகளே இதைக் கற்பிக்கும். சுடாமல் விட்டதற்கும் அங்கே மதிப்பெண் இருக்க வேண்டும். நான்காவது, குழுவாக இயங்குதல்: யார் மறைப்பது, யார் எதிர்ப்பது, யார் காரைக் கிளப்புவது. ஐந்தாவது, சுட்ட பிறகு. ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுப் போடத் தெரியாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால் நான் மனமார வரவேற்பேன்.

இதற்குப் பெரும் செலவு ஆகாது. தோட்டா இல்லாத துப்பாக்கியோடு தினம் பத்து நிமிடம் உறையிலிருந்து எடுத்துப் பழகுவதற்குத் தேவை சுவரும் ஒழுங்கும் மட்டுமே. மாநிலக் காவல் துறைச் சுடுதளங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு, ஆண்டில் சில நாட்கள் உரிமம் பெற்ற தனியார் காவலர்களுக்குத் திறந்துவிடலாம். பயிற்சித் தோட்டாக்களை அங்கேயே வழங்கி, வெற்று உறைகளை அங்கேயே எண்ணி வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு, தேறாதவருக்கு ஆயுதம் இல்லாத பணி, தேர்வு விவரம் முகமையின் உரிமக் கோப்பில் என்று விதி வந்தால் போதும். மெய்க்காவலரை அமர்த்துபவர்களுக்கும் இதில் கடமை உண்டு. பக்கத்தில் துப்பாக்கி தெரிய நடப்பதைப் பெருமையாகக் கருதும் பழக்கம், பயிற்சி பெறாதவரின் இடுப்பிலும் ஆயுதத்தைத் தொங்கவிடுகிறது. அதன் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் யாரோ ஒரு மூன்றாம் மனிதர்.

ஹில்டன் வாசலுக்கே திரும்புகிறேன். கார் வெள்ளை மாளிகையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. தள்ளியதில் விலா எலும்பு முறிந்திருக்கும் என்றே ரீகன் நினைத்தார். ஜெர்ரி பார் அதிபரின் உடல் முழுவதும் கைகளால் தடவிப் பார்த்தார், காயம் தட்டுப்படவில்லை. பிறகு ரீகனின் வாயிலிருந்து நுரையோடு ரத்தம் வந்தது. அது நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் என்று பாருக்குத் தெரிந்திருந்தது. காரை உடனே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். காரின் பக்கவாட்டில் பட்டுத் தெறித்த குண்டு இடது கைக்குக் கீழே நுழைந்து நுரையீரலில் தங்கியிருந்தது அங்கேதான் தெரிந்தது. ரீகன் பிழைத்தார். அந்த மதியம் முழுவதும் பாரின் துப்பாக்கி உறையிலேயே இருந்தது. நம் ஊரில் ஆயுதம் ஏந்தி நிற்கும் ஒவ்வொரு காவலரும் அப்படி ஒரு மதியத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை அவருக்குக் கொடுக்காமல் ஆயுதத்தை மட்டும் கொடுப்பது, அவருக்கும் அவர் காப்பவருக்கும் அருகில் நிற்கும் நம் எல்லாருக்கும் நாம் செய்யும் அநீதி.